சுமைதாங்கிக் கல் நின்ற தெரு

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டிய ரத்தத்துக்காகத்தான் நான் அந்தத் தெருக்களில் நடக்க ஆரம்பித்தேன்.

பெரியகுளத்தில் ஒரு லேப்பில் எனக்கு வேலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சர்க்கரை பார்ப்பதென்றால் இரண்டு தடவை எடுக்க வேண்டியிருக்கும். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, பலகாரம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆனபின் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் எங்கே இருப்பேன் என்று ரத்தம் கொடுப்பவர்கள் யாரும் யோசித்ததில்லை. "போயிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாம்மா" என்பார்கள். நான் செருப்பை மாட்டி முடிப்பதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும்.

என் வீடு வடுகபட்டியில். அங்கே போனால் வீட்டு வேலை பிடித்துக்கொள்ளும், நேரத்துக்குத் திரும்ப முடியாது. லேப்புக்குப் போனால் அங்கே வேறு வேலை கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள், இரண்டாம் ரத்தம் தவறிப்போகும். அதனால் ஸ்கூட்டரை ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.

ஆற்றுக்குத் தெற்கே இருக்கிற அந்தப் பகுதியைப் பங்களாத் தெரு என்றுதான் நாங்கள் சொல்வோம். மாந்தோப்புக்காரர்கள், கேரளத்து மலையில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்கள், டாக்டர்கள், ஓய்வுபெற்ற பெரிய அதிகாரிகள் வசிக்கிற இடம். முன்தெரு அகலமானது. வீட்டுக்கு வீடு கேமரா, கேட்டுக்குக் கேட் நாய்ப் படம் போட்ட பலகை. ஆனால் அதற்குப் பின்னால் மூன்று சின்னத் தெருக்கள் இருப்பது அங்கே குடியிருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது. காரிலேயே போய்க் காரிலேயே வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

நகராட்சிப் பலகையில் அவை ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் குறுக்குத் தெரு. இரண்டாவது தெருவின் மூலைவீட்டுச் சுவரில், மாதுளைச் செடியின் கிளையை விலக்கிப் பார்த்தால், துருப்பிடித்த பழைய தகரப் பலகை ஒன்று இருக்கும். 'தண்ணீர்ப்பந்தல் தெரு' என்று நீலத்தில் வெள்ளை எழுத்து. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏதோ பரிசு விழுந்ததுபோல இருந்தது. யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. மறுநாள் முதல் ஒவ்வொரு சுவராகப் பார்க்க ஆரம்பித்தேன்.

வண்டிச் சக்கரம் சுவரை உரசாமல் இருக்க வீட்டு மூலையில் நட்ட கல். குதிரை கட்டுவதற்காகக் கல்லில் அடித்த இரும்பு வளையம், பாதி தேய்ந்து மோதிரம்போல மெலிந்து போனது. சுண்ணாம்புச் சுவரில் கைவிளக்கு வைக்கும் மாடம், அதன் மேல்விளிம்பில் இன்னும் போகாத கரி. கம்பிவலை போட்டு மூடிய கிணறு. மூன்றாவது தெருவின் கடைசியில் நின்று வடக்கே பார்த்தால், இரண்டு மாடிவீடுகளுக்கு இடையில் கொடைக்கானல் மலை நேராகத் தெரியும். தெருவே மலையைக் குறிபார்த்துப் போட்டதுபோல இருக்கும். அது தற்செயல் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. மலைக்குக் கார் போகிற ரோடு வருவதற்கு முன்னால், கும்பக்கரை வழியாகக் கால்நடையாகத்தான் ஏறினார்கள். மூட்டை சுமந்தவர்கள், பல்லக்குத் தூக்கியவர்கள், குதிரைக்காரர்கள் எல்லாரும் இந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.

அந்தத் தெருவில்தான் சுமைதாங்கிக் கல் நின்றது. இரண்டு கல்தூண்கள், அவற்றின் தலையில் குறுக்காக ஒரு பலகைக்கல். என் நெஞ்சுயரம். முதுகிலும் தலையிலும் பாரம் சுமந்து வருகிறவர் குனியாமல், யார் உதவியும் இல்லாமல், நின்றபடியே இறக்கிவைக்கலாம். நின்றபடியே திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். குறுக்குக் கல்லின் விளிம்பில் ஒரு வரி எழுத்து இருந்தது. பெரும்பாலும் அழிந்துவிட்டது. விரலால் தடவினால் இரண்டு மூன்று எழுத்துகள் மட்டும் தட்டுப்படும்.

அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னவள், அந்தத் தெருக்களைக் கூட்டுகிற பெண். என்னைவிடக் கொஞ்சம் இளையவள். ஏழரை மணிக்கு முன்தெருவை முடித்துவிட்டு, தள்ளுவண்டியைக் கல்லோரம் நிறுத்தி, தூக்குவாளியில் கொண்டுவந்த டீயைக் குடிப்பாள். முதல் நாளே எனக்கும் மூடியில் ஊற்றி நீட்டினாள்.

"இது என்ன கல்லுன்னு தெரியுமா யக்கா?" என்று கேட்டாள்.

"சுமைதாங்கி. எங்க ஊர்ப் பக்கமும் இருக்கு."

"வாயும் வயிறுமாச் செத்துப்போனவளுக்கு வச்சது. வயித்துப் பாரம் எறங்காமயே போயிட்டாள்ல. மத்தவுகளாச்சும் பாரத்த எறக்கட்டும்னு அவ பேரச் சொல்லி நட்டுருக்காக."

எனக்குத் தெரிந்த செய்திதான். இருந்தாலும் அன்று அவள் சொன்னபோது டீயைக் குடிக்காமல் மூடியைக் கீழே வைத்துவிட்டேன். காமயகவுண்டன்பட்டியில் என் உடன்பிறந்த அக்கா ஏழாம் மாதத்தில் வலிப்பு வந்து, கம்பத்துக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டாள். அவளுக்கு யாரும் கல் நடவில்லை. அவள் சேலைகளைக்கூட ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். அதை நான் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. ஐஸ் பெட்டியைத் தூக்கிக் குறுக்குக் கல்லின்மேல் வைத்தேன். தோளில் பட்டை அழுத்தியிருந்த இடம் விண்ணென்று தெறித்தது.

அப்புறம் தினமும் அங்கேதான். போனில் அந்த எழுத்துகளைப் படம் எடுப்பேன். காலை வெயில் சாய்வாக விழும்போது ஒரு எழுத்து தெரியும், பத்து நிமிடம் கழித்து வேறொன்று தெரியும். வளையம், மாடம், தகரப் பலகை எல்லாவற்றையும் படம் எடுத்தேன். அது என் இரண்டு மணி நேரம். அதில் யாருக்கும் நான் கை கட்டி நிற்க வேண்டியதில்லை.

ஒருநாள் லேப்பில் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது லேப்காரர் போனை நீட்டினார்.

"இது நீதானே தாயி?"

படத்தில் நான் குனிந்து நின்றேன். ஒரு கையில் போன், இன்னொரு கை கல்லின்மேல். பக்கத்தில் தள்ளுவண்டியோடு அந்தப் பெண். மேலேயிருந்து, ஏதோ ஒரு மாடிக் கேமராவிலிருந்து எடுத்தது. பங்களாத் தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் வந்திருந்தது. லேப்காரரும் அதில் இருந்தார்.

படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை வாசித்தேன். 'இந்தப் பெண் சில நாட்களாக நமது பகுதியில் சந்தேகத்துக்கிடமாகச் சுற்றித் திரிகிறாள். வீடுகளைப் படம் எடுக்கிறாள். துப்புரவுப் பெண்ணும் உடந்தை. அனைவரும் எச்சரிக்கையாக இருக்கவும்.'

அதற்குக் கீழே பதில்கள். 'போலீஸில் சொல்லலாம்.' 'இப்படித்தான் நோட்டம் பார்த்துவிட்டுப் போவார்கள்.' 'முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.' முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்று எழுதிய அம்மாவுக்கு அன்று காலையில்தான் நான் ரத்தம் எடுத்திருந்தேன். நரம்பு கிடைக்காத கை அவருடையது. நான் வந்தால்தான் வலிக்காது என்று லேப்புக்குப் போன் செய்து என்னைத்தான் கேட்பார்.

படத்தைப் போட்டவர் யார் என்று பார்த்தேன். ஓய்வுபெற்ற அதிகாரி. வாரம் தவறாமல் நான் போகிற வீடு. அவர் இடது கையில் மணிக்கட்டுக்கு மேலே ஒரு மச்சம் இருக்கிறது, அதற்குப் பக்கத்து நரம்புதான் நல்ல நரம்பு. அவர் சர்க்கரை எப்போது ஏறும், எந்தக் கல்யாணத்துக்குப் போய்வந்தால் ஏறும் என்பதுவரை எனக்குத் தெரியும். அவருக்கு என் முகம் தெரியாது. மாஸ்க்கும் தொப்பியும் கையுறையும் போட்ட ஒரு கை வரும், குத்தும், போகும். அவ்வளவுதான் நான்.

"நீ எதுக்குத் தாயி அங்கன அலையிற?" என்றார் லேப்காரர். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தச் சொல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அலையிறேனா? ரெண்டு மணி நேரம் நான் எங்கண்ணே போறது? ஒரு வீட்டுலயாச்சும் உக்காருன்னு சொல்லிருக்காகளா?"

"சரி சரி, கோவிச்சுக்காத. நம்ம லேப்பு ஸ்டாஃப்தான்னு நான் குரூப்புல போட்டுருறேன்."

"நீங்க போடாதீக. படம் போட்டவரு போடட்டும்."

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை நீட்டினார். அவர் மனைவி தள்ளி, சாப்பாட்டு மேசை பக்கம் நின்றிருந்தார். நான் அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டவில்லை. மாஸ்க்கைக் கழற்றினேன்.

"சார், இந்த மூஞ்சிய எங்கயாச்சும் பாத்திருக்கீகளா?"

நிமிர்ந்து பார்த்தார். "லேப்புப் பொண்ணு. ஏன்?"

போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். ஒரு நிமிடம் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

"அட, நீயா? நீன்னு தெரியாமப் போட்டுட்டேன். விடும்மா."

"தெரியாத பொம்பளைன்னா போடலாமா, சார்?"

"செக்யூரிட்டிக்காகத்தான். ஊர் கெட்டுக் கெடக்கு. நீ எதுக்குத் தெருத்தெருவாச் சுத்துற? எங்கயாவது ஒரு இடத்துல உக்கார வேண்டியதுதானே?"

"எங்க உக்கார?"

அந்தக் கூடத்தில் ஆள் இல்லாத நாற்காலிகள் ஆறேழு கிடந்தன. அவர் மனைவி அவற்றில் ஒன்றைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

பட்டையைக் கட்டி ரத்தம் எடுத்தேன். கோபத்தில் கை நடுங்கினால் ஊசி தப்பும். ஒரே குத்து. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே சொன்னேன்: "அந்தப் படத்துக்குக் கீழயே எழுதுங்க, சார். இவ லேப்புல வேலை பாக்குறவ, அந்தப் பொண்ணு தெருக் கூட்டுறவ, ரெண்டு பேரும் ஒரு தப்பும் பண்ணலன்னு."

"அழிச்சிடுறேன்" என்றார்.

அழித்தார். ஒரு வார்த்தை எழுதவில்லை. அழித்துவிட்டால் முடிந்தது என்று நினைத்திருப்பார். ஆனால் பார்த்தவர்கள் பார்த்ததுதான். அடுத்த வாரம் ஒரு போலீஸ்காரர் தெருமுனையில் என்னை நிறுத்தி ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ரத்தக் குப்பிகளைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்து, போ என்று கையை ஆட்டினார். எனக்கு வந்தது அதோடு போயிற்று. தெருக் கூட்டும் பெண்ணுக்கு அப்படிப் போகவில்லை. அவளுடைய மேஸ்திரி அவளை அந்தப் பகுதியிலிருந்து எடுத்து, பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைப் பக்கம் போட்டுவிட்டார். போனில் என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை.

"என்னாலதான ஆத்தா உனக்கு இப்புடி?" என்றேன்.

"நீ என்ன யக்கா பண்ணுவ? டீ குடிச்சதுக்கு உடந்தைன்னு எழுதிருக்காக" என்றாள்.

அவளுக்காக மேஸ்திரியிடம் போனேன். மேலிடத்தில் சொல்லச் சொன்னார். மேலிடத்தில் போய்க் கேட்டால், இது வழக்கமான மாற்றம், யாரும் புகார் சொல்லவில்லை என்றார்கள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் பின்தெருக்களில் சிமெண்ட் கல் பதிக்கும் வேலை நடந்தது. முடிந்தபின் போனேன். தெரு பளபளவென்று இருந்தது. சுமைதாங்கி இல்லை. அது நின்ற இடத்தில் இரண்டு புதுச் சிமெண்ட் பூச்சுகள் மட்டும், ஈரம்கூடக் காயாமல். வேலை பார்த்தவர்கள் அதை உடைத்துப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். குப்பை கொட்டும் இடத்தில், ஆற்றங்கரையில், கல் உடைத்துப் போட்ட குவியல்களில் எல்லாம் தேடினேன். வெயிலில் ஜல்லிக் குவியலுக்குள் கால் புதைய நிற்கும்போது, என்னை நானே திட்டிக்கொண்டேன். ஒரு கல்லைத் தேடுகிறவளைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

இரண்டு வாரம் கழித்து அந்த அதிகாரியின் மனைவிக்குத் தைராய்டு பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். கேட்டைத் திறந்து உள்ளே போனேன். இடது பக்கம் புல்தரை. நடுவில் சுமைதாங்கி.

கழுவி, ஏதோ எண்ணெய் பூசி, கறுப்பாக மினுங்க வைத்திருந்தார்கள். குறுக்குக் கல்லின்மேல் வெள்ளைப் பீங்கான் தொட்டிகளில் மூன்று கள்ளிச் செடிகள். தூண்களைச் சுற்றிச் சின்ன மின்விளக்குச் சரம். அவர் பைப்பைப் பிடித்துக்கொண்டு புல்லுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"இது தெருவுல நின்ன கல்லு, சார்."

"ஆமாம்மா. ரோடு போடுறவங்க கையில கிடைச்சிருந்தா உடைச்சு ஜல்லியாக்கியிருப்பாங்க. நான்தான் கிரேன் வச்சுக் கொண்டுவந்து காப்பாத்தியிருக்கேன். உங்களை மாதிரி ஆளுங்களுக்கு இதோட வேல்யூ எங்க தெரியப்போகுது?"

வாழ்க்கையில் நான் சத்தம் போட்டுப் பேசியது குறைவு. நோயாளிகள் வீட்டில் மெதுவாகப் பேசிப் பேசி எனக்குக் குரலே சன்னமாகிவிட்டது. அன்று கத்தினேன்.

"வேல்யூவா? இது என்னன்னு தெரிஞ்சா கொண்டாந்தீக? புள்ளத்தாச்சியாச் செத்துப்போன ஒருத்திக்கு வச்ச கல்லு சார் இது! அவளுக்குன்னு இந்தப் பூமியில இருந்தது இது ஒண்ணுதான். அத நாலு சுவத்துக்குள்ள பூட்டி வச்சு லைட்டுப் போட்டுருக்கீக. நான் தெருவுல நின்னு இதத் தொட்டதுக்கு என்னைய திருடின்னு எழுதுனீக. இப்ப யாரு சார் திருடுனது?"

பைப்பிலிருந்து தண்ணீர் அவர் காலிலேயே ஊற்றிக்கொண்டிருந்தது. "வெளிய போ" என்றார். அவர் மனைவி வாசலுக்கு வந்துவிட்டார். என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: "நெசமாவாம்மா? செத்தவளுக்கு வச்சதா?"

"ஆமாம்மா."

"மூடநம்பிக்கை. நீ உள்ள போ" என்றார் அவர், மனைவியிடம். நான் ரத்தம் எடுக்காமலே திரும்பினேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வெறும் குப்பியோடு ஒரு வீட்டிலிருந்து திரும்பியது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சரக்கு வண்டி ஓட்டுகிறவர், குமுளி வழியாகக் காய்கறி ஏற்றிக்கொண்டு போய் வருவார். "ஒரு கல்லுக்கா இம்புட்டு? அவுக பெரிய எடம். நமக்கு எதுக்கு வம்பு?" என்றார்.

"என்னைய திருடின்னு எழுதினப்பயும் இதத்தான் சொன்னீக."

அன்று ராத்திரியே உட்கார்ந்து கல்லுக்காக ஒரு மனு எழுதினேன். திங்கட்கிழமை காலை தேனி கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். வண்டியில் அவர்தான் கொண்டுவந்து இறக்கிவிட்டார். உள்ளே வரவில்லை. தெருக் கூட்டும் பெண்ணை வரச் சொல்லியிருந்தேன். முதல் நாளே போன் செய்து, "எம்பேரப் போட்டுறாத யக்கா, இருக்கிற வேலையும் போயிரும்" என்றாள். அவள் பேரைப் போடவில்லை.

வரிசையில் எனக்கு முன்னால் பட்டா கேட்கிறவர்கள், முதியோர் உதவித்தொகை கேட்கிறவர்கள். என் முறை வந்ததும் அங்கே உட்கார்ந்திருந்தவர் மனுவை இரண்டு தடவை வாசித்தார்.

"கல்லக் காணோமா?"

"காணோம் இல்ல, சார். எங்க இருக்குன்னு எழுதிருக்கேன்."

"கல்லுக்கு ரெக்கார்டு எதுவும் இருக்கா? சர்வே நம்பர்?"

போனைத் திறந்தேன். தெருவில் நின்ற கல்லின் படங்கள், எழுத்து தெரிகிற படங்கள், பின்னால் மூன்றாம் குறுக்குத் தெரு என்ற பலகையோடு சேர்ந்த படம். வீடுகளை நோட்டம் பார்க்க எடுத்தேன் என்று யார் சொன்னார்களோ, அவர்களுக்கு எதிராக அந்தப் படங்களே சாட்சி ஆயின. பார்த்துவிட்டு, அச்சடித்து இணைக்கச் சொன்னார். இணைத்துக் கொடுத்தேன்.

ஒரு மாதம் எதுவும் நடக்கவில்லை. பிறகு கலெக்டர் ஆபீசிலிருந்து யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனதாகவும், பாதுகாப்பதற்காகவே கல்லை எடுத்து வைத்ததாக அந்த ஓய்வுபெற்ற அதிகாரி எழுதிக் கொடுத்ததாகவும் லேப்காரர் சொன்னார். அதோடு என் மனு முடித்துவைக்கப்பட்டது என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதை வாசித்துவிட்டு அடுப்படியில் நின்று ஒரு பாத்திரத்தைத் தூக்கிப் போட்டேன். நசுங்கிய பாத்திரத்தில்தான் இன்றைக்கும் பால் காய்ச்சுகிறேன்.

ஆனால் கல் திரும்பி வந்தது. மனுவால் வரவில்லை. அதிகாரியின் மனைவி, நான் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து தூங்கவில்லையாம். ஒருநாள் சமையலறையில் வழுக்கி விழுந்து கை பிசகியதும், கல் வெளியே போனால்தான் ஆச்சு என்று உட்கார்ந்துவிட்டாராம். நியாயம் சொல்லி அசையாத மனிதர், பயத்துக்கு அசைந்தார். எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. செத்துப்போன அந்தப் பெண்ணைப் பேயாக்கித்தான் அவளுடைய கல்லை மீட்க வேண்டியிருந்தது. பேயாக்கியது நான்தானோ என்றுகூட நினைத்தேன். நான் உண்மையைத்தான் சொன்னேன், அதை அவர்கள் எடுத்துக்கொண்ட விதம் அப்படி.

கல்லைப் போய்ப் பார்த்தேன். பழைய இடத்தில் இல்லை. தெரு தொடங்குகிற முனையில், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நட்டிருந்தார்கள். ஒரு தூணில் மேலிருந்து கீழ்வரை விரிசல். தூண்களைப் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இறக்கி சிமெண்ட் போட்டுவிட்டார்கள். நெஞ்சுயரம் நின்றது இப்போது என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. பெஞ்சு மாதிரி. தலைச்சுமையோடு வருகிற யாராலும் இனி அதில் எதையும் இறக்கிவைக்க முடியாது. குனிந்தால் பாரம் ஆளைக் கவிழ்த்துவிடும். எழுத்து இருந்த பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. முன்பக்கத்தில் கறுப்புக் கிரானைட் பலகை ஒன்றைப் பதித்திருந்தார்கள். அவருடைய பெயர், அவர் வகித்த பதவி, கீழே 'அன்பளிப்பு' என்று தங்க நிற எழுத்து.

அன்பளிப்பு! ஊர்க் கல்லை ஊருக்கே அன்பளிப்பு.

அடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பங்களாத் தெருக்காரர்கள் 'நம் பழைய தெருக்களை அறிவோம்' என்று ஒரு நடை ஏற்பாடு செய்திருந்தார்கள். லேப்காரர் போனில்தான் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று போட்டிருந்தது. போனேன். வெள்ளைத் தொப்பி, தண்ணீர்ப் பாட்டிலோடு இருபது இருபத்தைந்து பேர். எல்லாரும் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். வளையத்தை எடுத்தார்கள், மாடத்தை எடுத்தார்கள், கேட்டுகளை எடுத்தார்கள். யார் வீட்டு மாடியிலிருந்தும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

கல்லுக்குப் பக்கத்தில் நின்று அந்த அதிகாரிதான் விளக்கினார். "வெள்ளைக்கார துரைமார் கொடைக்கானலுக்குக் கிளம்பும்போது குதிரை ஏறுவதற்காகக் கால் வைக்கிற கல் இது. அதனாலதான் இவ்வளவு தாழ்வா இருக்கு."

கூட்டத்தின் பின்னாலிருந்து சொன்னேன்: "இல்ல. அது சுமைதாங்கி. நெஞ்சு ஒசரம் நின்னுச்சு. நீங்கதான் பொதச்சுருக்கீக."

எல்லாரும் திரும்பினார்கள். போனில் இருந்த பழைய படத்தைத் தூக்கிக் காட்டினேன். முன்னால் நின்ற ஓர் அம்மா வாங்கிப் பார்த்தார். ரத்தம் எடுக்கப் போகிற வீடுகளில் ஒன்றுதான் அவருடையது. என்னை அடையாளம் தெரியவில்லை. படத்தையும் கல்லையும் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார்: "என்ன சார், இதுல இவ்வளவு ஒசரமா நிக்குதே?"

"இந்தம்மா லேப்புல வேலை பாக்குறாங்க. ஹிஸ்டரி எல்லாம் அவங்களுக்குத் தெரியாது" என்றார். "வாங்க, அடுத்த தெருவுக்குப் போவோம்."

பாதிப்பேர் அவர் பின்னால் போனார்கள். பாதிப்பேர் நின்றார்கள். நின்றவர்களிடம் நான் சொன்னேன்: இது யாருக்கு வைத்தது, எங்கே நின்றது, யார் எடுத்தது, அதன் பக்கத்தில் டீ குடித்ததற்காக ஒரு பெண் இப்போது எந்தக் கழிப்பறையைக் கழுவிக்கொண்டிருக்கிறாள் என்று. குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று சொல்லி முடித்தேன். சிலர் முகம் வாடியது. ஒருவர், நியாயம்தான், ஆனா இதெல்லாம் நாலு பேருக்கு முன்னால் சொல்லலாமா என்று கேட்டார். நாலு பேருக்கு முன்னால்தான் என் படத்தைப் போட்டார்கள் என்றேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிட்டார்.

மறுநாள் லேப்காரர் எனக்குப் பங்களாத் தெருவை மாற்றி லட்சுமிபுரம் பக்கம் கொடுத்தார். "ஒன் நல்லதுக்குத்தான் தாயி" என்றார். நான் மறுக்கவில்லை. அங்கே முதல் வீட்டிலேயே, ரத்தம் எடுத்து முடித்ததும் ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளி, "இங்கனயே உக்காரு, வெளிய வெயிலு" என்றார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் உட்கார்ந்திருக்கும்போது எனக்குள் இருந்த கோபம் தணியவில்லை.

இன்னொரு மனு எழுதினேன். கல்லைப் பழைய இடத்தில், பழைய உயரத்தில் நட வேண்டும். அந்தக் கிரானைட் பலகையை எடுக்க வேண்டும். தெருக் கூட்டும் பெண்ணை அவள் பார்த்த பகுதிக்கே திருப்பி அனுப்ப வேண்டும். இந்தத் தடவை அவளே கேட்டு வந்தாள். நடையன்று நான் பேசியது எப்படியோ அவள் காதுக்குப் போயிருந்தது. "நீ மட்டும் கத்திட்டு இருந்தா நல்லாவா இருக்கு" என்று சொல்லி, மனுவில் என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினாள். எழுத்து ஒவ்வொன்றும் பெரிதாக, தெளிவாக இருந்தது.

மனு வாங்குகிற அதே ஆள்தான் இருந்தார். மனுவைப் பார்த்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மறுபடியுமா? அதான் கல்லு வந்துருச்சுல்லம்மா?"

"பாதிதான் சார் வந்துருக்கு. மீதி மண்ணுக்குள்ள கெடக்கு."

முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்து அவளிடம் கொடுத்தார். அவள் அதை மடித்து, ஆதார் அட்டை வைக்கிற பர்சில் வைத்துக்கொண்டாள். இன்னும் பதில் வரவில்லை. மறுபடி போய்க் கேட்க, அடுத்த திங்கட்கிழமைக்கு லேப்பில் லீவு சொல்லிவிட்டேன்.